கெட்டது பாட்டா?

“அந்தக் காலத்துப் பாட்டு எங்கே, இந்தக் காலத்துக் கூச்சல் எங்கே!” – பதுளை நகரத்துத் தேநீர்க் கடைகளிலே, பசறைக்கும் லுணுகலைக்கும் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்ற பஸ்களிலே, வெலிமடையின் உருளைக்கிழங்குப் பாத்திகளின் ஓரத்திலே, ஏன், ஆசிரியர்கள் கூடியிருக்கும் அறையிலே கூட, இந்தத் தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்பட்டு வருகின்றது. வழக்கு ஒன்று, நீதிபதிகளோ ஆயிரம் பேர். எதிரியின் சார்பில் எழுந்து நிற்க ஒரு சட்டத்தரணி இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய எவரும் இந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக அமரலாம். இருபது வயதுக்காரனுக்கு மட்டும் வாய் திறக்க உரிமை இல்லை!

குற்றச்சாட்டு என்ன? இன்றைய திரைப்பாட்டிலே சொல் விளங்குவதில்லை. விளங்கினாலும் அது தமிழாக இருப்பதில்லை. வாத்தியங்களின் இரைச்சலில் பாடுவோர் குரல் அமிழ்ந்துபோகிறது. அமிழாத இடத்திலோ அது கணினி திருத்திக் கொடுத்த குரலாக இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பிறந்த பாட்டு சித்திரைப் புத்தாண்டுவரை உயிரோடிருப்பதில்லை. அன்றோ, டி.எம். சௌந்தரராஜன் பாடினால் ஒவ்வோர் எழுத்தும் உளி கொண்டு செதுக்கியது போல் வந்து விழும், பி. சுசீலா பாடினால் ழகரமும் ளகரமும் தத்தம் இடத்திலே நிற்கும். கண்ணதாசன் எழுத, விசுவநாதனும் ராமமூர்த்தியும் இசையமைக்க, பள்ளிக்கூட வாசலை மிதியாத தோட்டத் தொழிலாளியும் அந்தப் பாட்டைக் கேட்டே செந்தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டான். இவையெல்லாம் வெறும் கிழவர் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. தோட்டப் பாடசாலையின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட காலத்தில், லயத்துப் பிள்ளைக்குத் தமிழாசிரியராக இருந்தது வானொலிப் பெட்டி என்பதை மறுப்பார் யார்?

ஆயினும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது முறையாகாது. ‘அந்தக் காலம்’ என்று கூறுகிறார்களே, அந்தக் காலத்தில் வாழ்ந்த பெரியவர்கள் தம் காலத்துப் பாட்டைப் பற்றி என்ன கூறினார்கள்? அதை ஒருவரும் சொல்வதில்லை. நாம் சொல்வோம்.

1952ஆம் ஆண்டில் இந்திய நடுவணரசில் செய்தி, ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். திரைப்பாட்டு மலிவானது, மேல்நாட்டு மெட்டுகளைக் கடன் வாங்குவது, மக்களின் சுவையைக் கெடுப்பது என்பது அவருடைய உறுதியான கருத்து. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய அற்றே போயின. எந்தப் பாடல்கள்? இன்று நாம் ‘பொற்காலம்’ என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த ஐம்பதுகளின் பாடல்கள்தாம்! மக்கள் என்ன செய்தனர்? அமைச்சரின் நல்லெண்ணத்தை மெச்சிச் சாஸ்திரிய சங்கீதம் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தனரா? இல்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கைக்கு வந்தனர். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு இந்தியா முழுவதிலும் நேயர்கள் பெருகினர். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழகத்து வீடுகள் காத்துக் கிடந்தன. 1957 அக்டோபரில் ‘விவித் பாரதி’ என்ற பெயரில் திரைப்பாடலுக்கென ஒரு தனிச் சேவையையே இந்திய வானொலி தொடங்க வேண்டியதாயிற்று. தடை விதித்தவர்கள் தாமே கடை விரித்தார்கள்!

இன்னும் முன்னே செல்வோம். 1931இல் ‘காளிதாஸ்’ வந்தது முதல், தமிழ்ப் படம் என்றால் பாட்டு மூட்டை என்றே பொருள். பத்து அடிக்கு ஒரு பாட்டு. இந்தி மெட்டுகளை அப்படியே பெயர்த்தெடுத்துத் தமிழ்ச் சொற்களை அவற்றில் அடைத்துப் பாடிய பாடல்கள் எண்ணில. சங்கீத மேடையில் தமிழுக்கு இடமில்லையே என்று மனம் வெதும்பி 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள். தமிழ்ப் பாட்டே மறைந்துவிடும் என்ற அச்சம் அன்றைக்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பாகவதரின் பாட்டுக்கு நாடே தலையாட்டிக்கொண்டிருந்த நாளில்தான் இந்த அச்சம்!

பின்னாளில் நடந்ததும் இதுவே. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, “இதென்ன, ஏற்றம் இறைப்பவன் பாட்டையும் நாற்று நடுபவள் பாட்டையும் சினிமாவில் போடுவதா?” என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பதினாறு ஆண்டுகள் சென்றன. 1992இல் ‘ரோஜா’ வந்தது. உடனே இளையராஜாவின் பாட்டு பழம்பெருமை ஆயிற்று. ரகுமானுடையது யந்திரக் கூச்சல் ஆயிற்று. இன்றோ ரகுமானின் அந்த முதற் பாடல்களைக் கேட்டு, “ஆகா, அதுவன்றோ இசை!” என்று பெருமூச்சு விடும் நாற்பது வயதினரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பதினெட்டு வயதிலே கேட்ட பாட்டைப் பொன் என்கிறது. தன் மகன் பதினெட்டு வயதிலே கேட்கும் பாட்டைப் பித்தளை என்கிறது.

தேயிலை விளையும் ஊவாவில் வாழ்கின்ற நமக்கு இதன் சூட்சுமம் புரியாமற் போவது வியப்பே. ஸ்டோருக்குள்ளே சென்று பாருங்கள். உலர்த்தி எடுத்த தேயிலை சல்லடை சல்லடையாக இறங்குகிறது. நல்ல இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், நாரும் கழிவும் ஒரு பக்கம் எனப் பிரிகிறது. பெட்டியில் ஏறிக் கடல் கடந்து செல்வதைப் பார்த்துவிட்டு, “ஊவாத் தோட்டத்தில் கழிவே விழுவதில்லை” என்று ஒருவன் சொன்னால் அவனை என்னவென்பது? ஐம்பது அறுபதுகளின் பாட்டு, காலம் என்ற சல்லடையிலே அறுபது எழுபது ஆண்டுகள் சலிக்கப்பட்ட பாட்டு. கழிவெல்லாம் எப்போதோ போய்விட்டது. இன்றைய பாட்டோ, இப்போதுதான் கொழுந்து மடுவத்திலிருந்து வந்து விழுந்த பச்சைக் கொழுந்து. முற்றிய இலையும் காம்பும் அதில் கலந்தே இருக்கும். சலித்த தேயிலையையும் சலியாத கொழுந்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையாகாது.

அந்தப் பொற்காலத்திலும் பொருளற்ற பாட்டு இருந்தது. ஆங்கிலக் கலப்பு இருந்தது. கொழும்பிலே இளமையைக் கழித்த ஜே.பி. சந்திரபாபு, மேல்நாட்டார் பாணியில் தொண்டையை உருட்டிக் கூவிப் பாடியபோது பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இன்று அது கலை. நம் நாட்டிலே எழுபதுகளில் பொப் இசை பொங்கி எழுந்தது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து சென்று தமிழகத்தையும் ஆட்டுவித்தது. சிங்களமும் தமிழும் தோளில் கை போட்டு ஆடிய அந்தப் பாட்டை அன்று எத்தனை பண்டிதர் வைதார்கள்! மனோகரன் 2018இல் மறைந்தபோது இரங்கல் எழுதியவர்களில் அந்தப் பண்டிதர்களின் மாணவர்களும் இருந்தனர்.

இவ்வளவு கூறியதால், இன்றைய பாட்டில் குறையே இல்லை என்பது நம் கட்சியன்று. ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சொல் தாழ்ந்திருக்கிறது. 1959இல் தமது இருபத்தொன்பதாம் வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நினைத்துப் பாருங்கள். உழவனாகவும் தொழிலாளியாகவும் வாழ்ந்து, கட்சி மேடையிலே நின்று பாடி, பிறகு படத்துக்கு எழுத வந்தவர். சில ஆண்டுகளே எழுதினார். வயலிலே வியர்வை சிந்துகிறவனுக்கு விளைச்சல் ஏன் சேரவில்லை என்ற கேள்வியை, கொட்டகையின் தரை வகுப்பில் அமர்ந்திருந்தவனின் வாயிலே ஏற்றி அனுப்பினார். அந்தக் கேள்வியை இன்றைய திரைப்பாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2011இல் உலகெல்லாம் ஓடிய ‘கொலவெறி’ போன்ற பாட்டு, கேட்கும்போது சிரிப்பு மூட்டுகிறது, மெட்டும் குற்றமில்லை. ஆனால் அதைக் கேட்டு ஒரு பிள்ளை புதிதாக ஒரு தமிழ்ச் சொல் கற்றிருக்குமா? பட்டுக்கோட்டையார் போன்றவர்கள் வந்த வழி அடைபட்டதே இதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். கட்சி மேடையும் நாடக மேடையும் பாட்டுக்காரர்களை உருவாக்கிய காலம் அது. அந்த மேடைகள் சரிந்தன. பாட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது.

நிற்க.

சென்னையில் எழுதப்படும் பாட்டு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பதுளையில் உட்கார்ந்து நாம் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, நம் வீட்டுக்குள் ஒரு களவு நடந்து முடிந்திருக்கிறது. அதைக் கவனித்தவர் சிலரே. ஸ்பிரிங்வெலியிலும் தெமோதரையிலும் நமுனுகுலையிலும் பூனாகலையிலும் மடுல்சீமையிலும், இம்மக்களே கட்டி, இம்மக்களே பாடி, இம்மக்களே கேட்ட பாட்டு ஒன்று இருந்ததே, அது எங்கே?

மலையிலே கொழுந்து பறிக்கும்போது நிரை நிரையாகப் பாடினார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள்; எதிர் நிரையிலிருந்து மறுமொழி வரும். கங்காணியின் கடுமையும் கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கும் துரையின் குதிரையும் அதிலே வந்து போகும். நேரே சொன்னால் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள். பாட்டிலே சொன்னால் கங்காணியே சிரித்துக்கொண்டு போவான். தாலாட்டு இருந்தது, கும்மி இருந்தது. சாவு விழுந்த லயத்தில் பெண்கள் கூடி அமர்ந்து ஒப்பாரி வைத்தால், இறந்தவனின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அதிலே வந்துவிடும். எந்த ஊரிலிருந்து வந்தான், எந்தக் கங்காணியின் கீழ்ப் பெயர் பதிந்தான், எத்தனை தோட்டம் மாறினான் என்பது வரை. மாசி மாதத்தில் காமன் ஊன்றினால் இரவெல்லாம் கூத்து. ரதியின் புலம்பலைக் கேட்டு, பகலெல்லாம் முள்ளுக்குத்திய ஆண்பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடி, விடியும்வரை வாதிட்ட புலவர்கள் நம் லயங்களில் இருந்தனர். அவர்களுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. கவிதை கட்டத் தெரியும்.

இந்தப் பாட்டின் வலிமையை நன்கு உணர்ந்தவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார். தோட்டத்துக்குள் அயலார் நுழைந்தால் வழக்குப் போடுவார்கள் என்றிருந்த நாளில், நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்திலே தோட்டம் புகுந்தார் என்பர். அம்மையார் வேறொன்று செய்தார். யாவரும் அறிந்த மெட்டுகளை எடுத்து, அவற்றிலே தொழிலாளரின் துயரத்தை வைத்துப் பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டு நூலையும் வெளியிட்டார். ஜனங்களின் நாவிலே ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்த மெட்டு அவருக்குக் கருவியாயிற்று. மெட்டு மலிவா உயர்வா என்று அவர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருக்கவில்லை. ‘மலிவுப் பாட்டு’ என்று இன்று முகம் திருப்பும் நம் தொழிற்சங்கப் பேச்சாளர்கள் இதைச் சற்றுச் சிந்திக்கலாம். பின்னர் சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கிடந்த பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். 1984இல் அவர் மறைந்தார். அவர் திரட்டி வைக்காதிருந்தால் பல பாடல்கள் அவற்றைப் பாடிய கிழவிகளோடு சிதையேறியிருக்கும்.

தோட்டத்துப் பழம்பாட்டு அனைத்துமே உரிமைக் குரல் என்று யாரும் எண்ணிவிடலாகாது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ பாடினார். கோப்பிப் பயிரின் பெருமையையும் தோட்டம் நடத்துவோரின் திறமையையும் துரைமார் பக்கத்திலே நின்று புகழ்ந்த நூல் அது. வேடிக்கை என்னவெனில், அதே 1869இல், நம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே, கோப்பியைப் பூண்டோடு அழித்த இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது! கும்மி பாடியதற்காகக் கோப்பி பிழைக்கவில்லை.

அந்தப் பாட்டெல்லாம் ஏன் ஓய்ந்தது? சினிமா கொன்றுவிட்டது என்பது சோம்பேறிகளின் விடை. கோயில் கம்பத்தில் ஒலிபெருக்கி ஏறியதும், லயத்திலே வானொலியும் பிறகு தொலைக்காட்சியும் வந்ததும் ஓரளவு காரணமே. ஆனால் மலையிலே பாட்டு நின்றதற்குச் சினிமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாட் பெயருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று நிறை கேட்கிறார்கள். குறைந்தால் அரைப் பெயர். பற்றை மண்டிய மலையிலே, நிரையில் ஆள் குறைந்து, ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் கூப்பிடு தூரம் ஆகிவிட்ட இடத்தில் யாரோடு பாடுவாள்? எதிரடி கொடுக்க வேண்டியவள் கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். அல்லது வளைகுடா நாட்டில் யாருடைய பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போன குழந்தைக்குத் தாலாட்டுப் பாட அம்மாவுக்கு நேரம் எப்போது கிடைத்தது? பாட்டுக்கும் ஓய்வு வேண்டும், ஆள் வேண்டும், ஒன்றாக நின்று வேலை செய்யும் நிரை வேண்டும். இவை போனபின் பாட்டு மட்டும் எங்கே நிற்கும்?

இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொன்னால் நம்மவர் சிலருக்குக் கசக்கும். தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. மாரியம்மன் திருவிழா இல்லை. சாவு வீடும் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்பியதும் அதே தப்புத்தான். ஆனால் அந்தத் தப்பை அடித்தவனை எங்கே நிறுத்தினோம்? கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்தினோம். அவன் அடித்தால்தான் அம்மன் இறங்குவாள். அவன் மட்டும் படி ஏறக் கூடாது! அவனுடைய மகன் பள்ளிக்கூடம் சென்றான்; படித்தான்; ‘எனக்கு வேண்டாம் இந்தத் தப்பு’ என்று எறிந்தான். அவன் எறிந்ததில் என்ன பிழை? இன்று திருவிழாவுக்குப் பெருந்தொகை கொடுத்து நகரத்திலிருந்து ‘பேண்ட் செட்’ வரவழைத்துவிட்டு, ‘ஐயோ, நம் பாரம்பரியம் அழிகிறதே’ என்று மேடையிலே கண்ணீர் விடுகிறோம். பாரம்பரியத்தை விரும்பினோம், அதைச் சுமந்தவனை விரும்பவில்லை. தமிழகத்திலே இளைஞரும் யுவதியரும் சாதி வேறுபாடின்றிப் பறையைக் கையிலெடுத்துப் பெருமையோடு முழக்குவதைக் காண்கிறோம். ஊவாவிலே அது எப்போது நடக்கும்?

படித்தவர்களாகிய நாமும் இந்தக் களவுக்கு உடந்தை. லயத்திலே பிறந்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் சட்டத்தரணியாகவும் உயர்ந்தவர்கள், பாட்டியின் பாட்டைத் ‘தோட்டத்துப் பாட்டு’ என்று சொல்லி ஒதுக்கினோம். பாடசாலைத் தமிழ்த்தின விழாவிலே பிள்ளைக்குக் கீர்த்தனை கற்றுக்கொடுத்தோம். திரைப்பாட்டுக்கு ஆட விட்டோம். அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே கிடந்த பாட்டை மட்டும் மேடையேற்றவில்லை. 2023இல் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டச் சிறுமி ஒருத்தி தமிழகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குச் சென்றபோது மலையகமே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்தது. நாமும் மகிழ்ந்தோம். லயத்திலே குரல் சாகவில்லை என்பதற்கு அது போதுமான சான்று. ஆயினும் அந்தக் குரலைக் கேட்கச் சென்னைக்கு அல்லவா போக வேண்டியிருந்தது?

இனி, இன்றைய பாட்டு முழுவதும் குப்பை என்பாரின் வாயை அடைக்கும் ஒரு சான்றைக் கூறுவோம். 1948இல் நம்மவரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று, மூட்டைகளைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சியிருந்த 150,000 பேரின் கணக்கை 1974இல் பாதி பாதியாகத் தீர்த்தனர். 1924இல் பதுளையை எட்டிய அதே ரயில் பாதையில், கோச்சியின் சன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே போனார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். நீலகிரியில் சிலர், வேறு மாவட்டங்களில் சிலர் என்று சிதறினார்கள். அந்த அழுகையை அந்தக் காலத்துத் திரைப்பாட்டு பாடிற்றா? நாம் பொற்காலம் என்கிறோமே, அந்தப் பொற்காலத்துக் கவிஞர்களின் காதுக்கு அது எட்டவில்லை.

எட்டியது எப்போது? 2021 மார்ச்சில். ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாட்டு வெளிவந்தது. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையைத் தயாரித்தது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். நிலமற்றவர்களாகக் கொண்டுபோகப்பட்டு, நாட்டையே தோட்டமாக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதையை அந்தப் பேரன் பாட்டாக்கினான். அதிலே ஒப்பாரி இருக்கிறது, பறை இருக்கிறது, இளைஞர் ஆடுகின்ற தாளமும் இருக்கிறது. படத்துக்காக எழுதப்படாத பாட்டு. கோடிக்கணக்கானோர் கேட்டனர். தலைப்பிலே ஆங்கிலம் கலந்திருக்கிறதே என்று ஒருவர் நம்மிடம் குறைப்பட்டார். இருக்கட்டும்! அறுபது ஆண்டு தூய தமிழில் எவரும் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

ஆனால் அதன் பின்கதையையும் கேளுங்கள். பாட்டு உலகைச் சுற்றியது. புகழ் யாருக்கு என்பதில் பூசல் எழுந்தது. மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டினால் தங்களில் எவருக்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். கொழுந்து பறித்தவளின் கதை இங்கும் அதே கதைதான் போலும்!

அந்தப் பாட்டு ஊவாவிலிருந்து வரவில்லை. கடலைக் கடந்து சென்றவர்களின் பேரன் பாடினான். இங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியில் கேட்டு ஆடினார்கள். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படியொன்று நிகழ்ந்திருந்தால், பெயர் தெரியாத கிழவி ஒருத்தி அதைப் பாட்டிலே வைத்திருப்பாள். அது பசறை தாண்டி, அப்புத்தளை தாண்டி, தோட்டம் தோட்டமாக நடந்திருக்கும். நாம் என்ன செய்தோம்? பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டோம்.

ஆகவே, சென்னையைத் திட்டுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்துவிட்டு, கைக்கெட்டிய காரியம் சிலவற்றைச் செய்யலாகாதா? பதுளையிலே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலையின் தரத்தை அங்கே ஆராய்கிறார்கள்; தேயிலை பறித்தவளின் பாட்டையும் ஆராயுமாறு நம் மக்கட் பிரதிநிதிகள் ஒரு முறையேனும் கேட்டதுண்டா? ஆசிரியர்கள் கையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை என்று இன்று எவரும் கூற முடியாது. ஒவ்வொரு சட்டைப்பையிலும் அது இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் எந்த எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்பது அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு வகுப்புப் பிள்ளைகளை அனுப்பினால் ஒரு விடுமுறைக் காலத்துக்குள் ஒரு தோட்டத்தின் பாட்டு முழுவதும் கைக்கு வந்துவிடும். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது பாடியது என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும். பாடியவரின் பெயரைப் போடாமல் பதிப்பாசிரியர் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் பழைய வழக்கம் இங்கே வேண்டாம்.

கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். காமன் ஊன்றும் தோட்டங்கள் ஊவாவில் இன்னும் இருக்கின்றன. வருகிற மாசியில், ‘பேண்ட் செட்’டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைத் தப்புக் கலைஞருக்கும் கூத்து வாத்தியாருக்கும் கொடுங்கள், கொடுக்கும்போது கோயில் படிக்கு மேலே அழைத்து, உள்ளே நிறுத்திக் கொடுங்கள். லாவணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, இளைஞரை அவர்கள் விரும்பிய மெட்டிலேயே, அது நேற்று வந்த சினிமா மெட்டாக இருந்தாலும் சரி, இன்றைய தோட்டத்துச் செய்தியை வைத்துப் பாட விடுங்கள். நாட் சம்பளத்தைப் பற்றிப் பாடட்டும். பத்துப் பேர்ச் காணி உறுதியைப் பற்றிப் பாடட்டும். வேண்டுமானால் தலைவர்மாரைப் பற்றியும் பாடட்டும். முன்வரிசை நாற்காலிகளில் அமர்கிறவர்களுக்கு அது சற்றுச் சங்கடமாக இருக்கக்கூடும். இருந்துவிட்டுப் போகட்டும், பெரிய கங்காணி அன்று எப்படிச் சிரித்துக்கொண்டு போனாரோ, அப்படியே இவர்களும் போவார்கள்.